இடமே விதி: தண்டுவடத்தின் உள்ளொழுங்கு

1954ஆம் ஆண்டு, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் சென்ற வண்டி விபத்துக்குள்ளானது. உயிர் பிழைத்தார், ஆனால் உடலின் கீழ்ப்பாதியில் அசைவும் உணர்வும் போய்விட்டன. அதன் பிறகும் அவர் அறுவை சிகிச்சையைக் கைவிடவில்லை. தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களின் கைகளை, பால் பிராண்டின் வழிகாட்டலில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே சீர்செய்தார். 1975இல், கடற்படை அதிகாரிக்கான தேர்வில் கலந்துகொள்ளப் பெங்களூரு சென்ற பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன் அங்கே விழுந்து கழுத்தில் அடிபட்டார். அவருக்குக் கால்களோடு கைகளும் செயலிழந்தன. 1981இல் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி, பல்லாயிரம் மாற்றுத்திறனாளிகளுக்கு அவர் வழி திறந்தார். இருவருக்கும் அடிபட்டது ஒரே உறுப்பு. இருவரின் மன உறுதியிலும் குறையில்லை. ஒருவருக்குக் கத்தி பிடிக்கக் கை இருந்தது, மற்றவருக்கு இல்லை. இந்த வேறுபாட்டை உண்டாக்கியது காயம் விழுந்த இடம். தண்டுவடத்தைப் பொறுத்தவரை, எவ்வளவு சேதம் என்ற கேள்விக்கு முன்னால் எங்கே சேதம் என்ற கேள்வி நிற்கிறது. அந்த உறுப்பின் அமைப்பு முழுவதும் இடத்தின் ஒழுங்கால் ஆனது. இது மருத்துவ மாணவர்கள் மட்டும் மனப்பாடம் செய்யவேண்டிய செய்தி என்று விட்டுவிட முடியாது. சாலையோரத்தில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கும் ஒவ்வொருவருக்கும் உரிய அறிவு இது.

முதலில் உறுப்பின் உருவத்தைப் பார்ப்போம். வளர்ந்த ஆணின் தண்டுவடம் சுமார் 45 சென்டிமீட்டர் நீளம்; பெண்களுக்குச் சற்றுக் குறைவு. தடிமன் சுண்டுவிரல் அளவு, எடை ஏறத்தாழ 35 கிராம். மண்டையோட்டின் அடித்துளையில் முகுளத்தின் தொடர்ச்சியாகப் புறப்பட்டு, முதுகெலும்பின் கால்வாய்க்குள் இறங்குகிறது. ஆனால் கால்வாயின் கடைசிவரை அது போவதில்லை. கருவின் மூன்றாம் மாதத்தில் தண்டுவடமும் முதுகெலும்பும் ஒரே நீளம். அதன் பின் எலும்பு வேகமாக வளர, தண்டுவடம் பின்தங்குகிறது. பிறக்கும்போது இடுப்புப் பகுதியின் மூன்றாம் முள்ளெலும்பு மட்டத்தில் முடியும் அதன் நுனி, பெரியவர்களில் முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு அருகே நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே கால்வாயில் இருப்பவை, குதிரைவால் என்று மருத்துவர்கள் அழைக்கும் நரம்பு வேர்களின் கற்றையும் அதைச் சூழ்ந்த திரவமும்தான். சிசேரியனின்போது முதுகில் போடும் மரப்பு ஊசி தண்டுவடத்தைக் குத்திவிடும், ஆயுள் முழுக்க முதுகுவலி வரும் என்ற அச்சம் நம் குடும்பங்களில் பரவலாக உண்டு. அந்த ஊசி பொதுவாக மூன்றாம், நான்காம் இடுப்பு முள்ளெலும்புகளை ஒட்டி, தண்டுவடம் முடிந்த பிறகே நுழைகிறது. விலகி வழிவிடும் வேர்களுக்கு நடுவே, திரவத்தில்தான் மருந்து கலக்கிறது. ஊசி போட்ட இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம். நாள்பட்ட முதுகுவலிக்கு அந்த ஊசியே காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. இடம் தெரிந்தால் அச்சம் தானாகவே குறைகிறது.

எலும்பும் தண்டுவடமும் இப்படி ஏற்றத்தாழ்வாக வளர்வதால் இன்னொரு விளைவும் உண்டு. தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் கிளம்புகின்றன: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, திருவெலும்பில் 5, வாலெலும்பில் 1. ஒவ்வோர் இணைக்கும் உரிய தண்டுவடத் துண்டைக் கண்டம் என்போம். கழுத்தில் கண்டமும் அதே எண்ணுள்ள எலும்பும் ஏறக்குறைய அருகருகே உள்ளன. கீழே செல்லச் செல்ல இடைவெளி கூடுகிறது. கால்களையும் சிறுநீர்ப்பையையும் ஆளும் இடுப்பு, திருவெலும்புக் கண்டங்கள் மார்பின் கடைசி எலும்புகளுக்கும் இடுப்பின் முதல் எலும்புக்கும் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுபவர்களுக்கு, அசையாத மார்புக்கூடும் அசையும் இடுப்பும் சந்திக்கும் இதே இடத்தில்தான் எலும்பு அதிகமாக நொறுங்குகிறது. ஒரே ஓர் எலும்பு உடைந்தாலும் அதற்குள் அடங்கிய பல கண்டங்கள் ஒருசேர நசுங்கலாம்.

இப்போது மேலிருந்து கீழாக வருவோம். கழுத்தின் 3, 4, 5ஆம் கண்டங்கள் உதரவிதானத்தை இயக்குகின்றன. அதற்கு மேலே தண்டுவடம் முற்றாக அறுந்தால் மூச்சே நின்றுவிடும். ஐந்தாம் கண்டம் தப்பினால் முழங்கையை மடக்கலாம். ஆறாம் கண்டமும் தப்பினால் மணிக்கட்டைப் பின்னோக்கித் தூக்கலாம். அப்படித் தூக்கும்போது தசைநார்கள் இழுபட்டு விரல்கள் தாமாகவே மடங்குவதால், விரல்களுக்கு உயிர் இல்லாதவரும் ஒரு டம்ளரைப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறார். ஏழாம் கண்டம் இருந்தால் முழங்கையை நீட்டலாம். கைகளை ஊன்றி உடலைத் தூக்கிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறலாம். எட்டாம் கண்டமும் மார்பின் முதல் கண்டமும் விரல்களுக்கு உரியவை. தோலுணர்விலும் இதே வரிசை உண்டு: கட்டைவிரல் கழுத்தின் ஆறாம் கண்டம், மார்புக் காம்பு மட்டம் மார்பின் நான்காம் கண்டம், தொப்புள் பத்தாம் கண்டம், ஆசனவாயைச் சுற்றியுள்ள தோல் திருவெலும்பின் கடைசிக் கண்டங்கள். கழுத்தில் ஒரு கண்டத்தின் நீளம் ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். அந்தச் சிறு தொலைவு ஒருவர் தன் கையால் உண்பாரா, பிறர் ஊட்ட உண்பாரா என்பதை முடிவு செய்கிறது.

குறுக்காக வெட்டிப் பார்த்தாலும் அதே ஒழுங்குதான். நடுவே பட்டாம்பூச்சி வடிவில் நரம்புச் செல்கள் நிறைந்த சாம்பல் நிறப் பகுதி; சுற்றிலும் மேலும் கீழும் ஓடும் இழைகளாலான வெண்மைப் பகுதி. முதுகுப்புற வேர்கள் உணர்வை உள்ளே கொண்டுவருகின்றன, வயிற்றுப்புற வேர்கள் கட்டளையை வெளியே கொண்டுசெல்கின்றன என்பதை 1811இல் சார்லஸ் பெல்லும் 1822இல் பிரான்சுவா மாஜெந்தியும் செய்த சோதனைகள் நிலைநாட்டின. 1952இல் சுவீடனின் பிரார் ரெக்செட், சாம்பல் நிறப் பகுதி பத்து அடுக்குகளாகப் பிரிந்திருப்பதைக் காட்டினார். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, நம் கிராமங்களிலேயே இந்த ஒழுங்குக்கு ஒரு வேதனையான சான்று இருந்தது. போலியோ வைரஸ் தண்டுவடத்தில் தேடிச் சென்று அழிப்பது வயிற்றுப்புறக் கொம்பிலுள்ள இயக்கச் செல்களை. அதனால்தான் போலியோவால் கால் சூம்பிப்போனவருக்கு அந்தக் காலில் முள் குத்தினால் வலிக்கும், வெந்நீர் பட்டால் சுடும். சில மில்லிமீட்டர் பின்னால் இருக்கும் உணர்வுக் கொம்பை நோய் பெரும்பாலும் தொடுவதில்லை. 2011 ஜனவரியில் இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. வேலூரில் டி. ஜேக்கப் ஜான் போன்ற வைரஸ் அறிஞர்கள் தடுப்பு மருந்து பற்றிச் செய்த பணிக்கு அந்த வெற்றியில் பங்கு உண்டு.

வெண்மைப் பகுதியின் ஒழுங்கு இன்னும் நுட்பமானது. தொடுகை, அதிர்வு, மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வு ஆகியவற்றின் இழைகள் முதுகுப்புறமாக, உடலின் அதே பக்கத்தில் முகுளம்வரை ஏறி, அங்கே பக்கம் மாறுகின்றன. வலி, வெப்பம், குளிர்ச்சி ஆகியவற்றின் செய்தியோ நுழைந்த இடத்துக்கு ஓரிரு கண்டங்களுக்குள்ளேயே நடுவைக் கடந்து எதிர்ப்பக்கத்தில் ஏறுகிறது. மூளையின் இயக்கக் கட்டளைகளில் பெரும்பகுதி முகுளத்திலேயே பக்கம் மாறி, பக்கவாட்டுப் பாதையில் இறங்குகிறது. ஆகவே கத்திக்குத்தில் தண்டுவடத்தின் பாதி மட்டும் அறுந்தால், அறுந்த பக்கத்துக் கால் அசையாது, எதிர்ப்பக்கத்துக் காலுக்கு வலி தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரவுன் செக்கார் விளக்கிய இந்தப் புதிர், பாதைகளின் இடம் தெரிந்தால் புதிரே அல்ல. தண்டுவடத்தின் நடுவில் திரவக் குழி உண்டாகும் நோயில், குறுக்கே கடக்கும் இழைகள் மட்டும் அறுபடுகின்றன. கையில் சூடு பட்டும் தெரியாது, பஞ்சால் தொட்டால் தெரியும். தொழுநோய் மிகுந்திருந்த பழைய வடாற்காடு போன்ற பகுதிகளில், இப்படிச் சூடு தெரியாமல் உண்டாகும் புண்களைத் தொழுநோயிலிருந்து பிரித்தறிய மருத்துவருக்கு இந்த உடற்கூற்றியல் அறிவு வேண்டியிருந்தது. வைட்டமின் பி12 குறைந்தால் முதுகுப்புறப் பாதையும் பக்கவாட்டுப் பாதையும் பழுதாகின்றன. பாதம் மரத்துப்போகும், முகம் கழுவக் கண்ணை மூடினால் உடல் தள்ளாடும், ஏனெனில் மூட்டுகள் தராத செய்தியை அதுவரை கண் ஈடுகட்டிவந்தது. பாலும் குறைவாகச் சேர்க்கும் மரக்கறி உணவுக்காரர்கள் இதை வெறும் வயோதிகத் தள்ளாட்டம் என்று விட்டுவிடக் கூடாது. காலத்தே ஊசி போட்டால் பெருமளவு மீளக்கூடிய நோய் இது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒருவர் கேட்கலாம்: ஆள்வது மூளை, தண்டுவடம் வெறும் கம்பிதானே, கம்பியில் எங்கே அறுந்தால் என்ன? இந்தக் கருத்து பள்ளிப் பாடத்திலிருந்தே நம்மோடு வருவதால் இதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். 1911இல் கிரஹாம் பிரவுன், தண்டுவடம் அறுக்கப்பட்டு, கால்களிலிருந்து வரும் உணர்வும் துண்டிக்கப்பட்ட பூனைகளில்கூட நடையைப் போன்ற மாறிமாறி இயங்கும் தாளம் எழுவதைக் காட்டினார். தாளம் மூளையிலிருந்து இறங்கவில்லை, தண்டுவடத்துக்குள்ளேயே பிறந்தது. அடிபட்ட இடத்தைத் தேய்த்தால் வலி ஏன் தணிகிறது என்பதற்கு 1965இல் மெல்சாக்கும் வாலும் தந்த விளக்கமும் இங்கேதான் முடிகிறது: தொடுகைச் செய்தி, வலிச் செய்தியைத் தண்டுவடத்தின் வாசலிலேயே மட்டுப்படுத்துகிறது. திருத்தணி மலைப்படிகளில் ஏறும் பக்தர் கால் இடறும்போது, தொடைத் தசை இழுபட்ட செய்தி தண்டுவடத்தை அடைந்து, இறுக்கும் கட்டளையாகத் திரும்பிவிடுகிறது. அவர் இடறியதை உணர்வதற்குள் திருத்தம் தொடங்கிவிடுகிறது. கம்பி என்பதைவிட அரக்கோணம் சந்திப்பு பொருத்தமான ஒப்புமை: சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, செங்கல்பட்டு ஆகிய நான்கு திசைத் தடங்களும் கூடும் இடத்தில் எந்த வண்டி எந்தத் தடத்துக்கு மாறுவது என்பது அங்கேயே முடிவாகிறது. பூனையைக் காட்டி மனிதனை முடிவு செய்யலாமா என்ற மறுப்பிலும் உண்மை இருக்கிறது. நிமிர்ந்து நடக்கும் மனிதர்கள் மூளையை அதிகம் நம்பியிருக்கிறார்கள்; நம் தண்டுவடம் தனித்து நம்மை நடத்திவிடாது. ஆனால் தனித்து நடத்தாது என்பதால் அது எதையும் முடிவு செய்வதில்லை என்று ஆகிவிடாது.

இரண்டாவது மறுப்பு வல்லுநர்களிடமிருந்தே வருகிறது: இந்த வரைபடம் இவ்வளவு கறாரானதா? அடுத்தடுத்த கண்டங்களின் தோல் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதை ஷெரிங்டன் குரங்குகளில் காட்டினார். ஒரே ஒரு வேர் அறுந்தால் முழு மரப்பு ஏற்படுவது அரிது. ஆளுக்கு ஆள் எல்லை சற்று மாறுகிறது. இவை அனைத்தும் மெய். ஆனால் எல்லைகள் மங்கலாக இருந்தாலும் வரிசை மாறுவதில்லை. யாருக்கும் தொப்புளின் உணர்வு கட்டைவிரலின் கண்டத்துக்குப் போவதில்லை. அந்த நம்பிக்கையில்தான் உலகெங்கும் மருத்துவர்கள் உடலின் ஒவ்வொரு பக்கத்திலும் 28 தோல் புள்ளிகளையும் 10 தசைகளையும் சோதித்துக் காயத்தின் மட்டத்தைக் குறிக்கிறார்கள். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. மருத்துவர்கள் முக்கியமாகப் பார்ப்பது முழுக்காயமா, பகுதிக்காயமா என்பதைத்தானே, அது அளவைப் பற்றிய கேள்வி அல்லவா? ஆம், மீட்சியை முன்னறிய அதுவே வலிமையான குறி. ஆனால் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? திருவெலும்பின் கடைசிக் கண்டங்களுக்கு உரிய ஆசனவாய்ப் பகுதியில் உணர்வோ இறுக்கமோ மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அங்கிருந்து ஒரு சிறு செய்தியாவது மூளையை எட்டினால், காயத்தின் ஊடே ஒரு பாதை உயிரோடு இருக்கிறது. அளவைப் பற்றிய கேள்விக்கும் விடை தருவது இடம்தான்.

அறுந்த பாதை ஏன் மறுபடி வளர்வதில்லை? கையிலுள்ள நரம்பு அறுந்து தைக்கப்பட்டால் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. தண்டுவட இழைகளுக்கோ சுற்றியுள்ள உறையின் வேதிப்பொருள்களும் காயத் தழும்பும் தடையாகின்றன. 1981இல் ஆல்பர்ட் அகுவாயோ குழுவினர், புற நரம்புத் துண்டைப் பாலமாக வைத்தால் மைய நரம்பு இழைகளும் அதற்குள் வளர்வதைக் காட்டினார்கள். குறை செல்லில் மட்டும் இல்லை, சூழலிலும் இருக்கிறது என்பது அப்போது தெளிந்தது. 2018இல் லோசானில் கிரெகுவார் கூர்ட்டின் குழு, நாள்பட்ட பகுதிக்காயம் கொண்ட மூவருக்குத் தண்டுவடத்தின் மேல் மின்முனைகளைப் பொருத்தி, துணையோடு அடியெடுத்து வைக்கச் செய்தது. எந்தத் தசைக்கு எந்தக் கண்டம் என்று பார்த்து, நடையின் சரியான கணத்தில் அந்த இடத்தை மட்டும் தூண்டியதே அதன் சிறப்பு. இந்த முயற்சிகள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் இன்னும் வீதிக்கு வந்த சிகிச்சைகள் அல்ல. ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடக்கலாம் என்று விளம்பரம் செய்து நிலத்தையும் நகையையும் விற்கவைக்கும் இடங்களுக்கு எதிராகக் குடும்பங்களை எச்சரிக்க வேண்டியது நம் கடமை. அந்த வாக்குறுதிக்கு இதுவரை உறுதியான சான்று இல்லை.

மீண்டும் வளராத உறுப்பில், மிஞ்சியதைக் காப்பதே முதல் மருத்துவம். அடிபட்ட நொடியிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது, அதன் பின் எப்படித் தூக்கினால் என்ன என்ற எண்ணம் தவறு. முதல் அடிக்குப் பின் வீக்கமும் இரத்தவோட்டக் குறைவும் மணிக்கணக்கில், நாள்கணக்கில் சேதத்தைப் பரப்புகின்றன. உடைந்த எலும்பு அசைந்தால் தப்பியிருந்த பாதையும் நசுங்கும். அரக்கோணத்தைத் தளமாகக் கொண்ட தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் அணி, 2014 ஜூன் மாதம் சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்தபோது இடிபாடுகளில் மீட்புப் பணி செய்தது. இத்தகைய படைகளின் பயிற்சியில் தலை, கழுத்து, உடல் மூன்றையும் ஒரே கோட்டில் வைத்து ஆளைத் திருப்பும் முறை அடிப்படைப் பாடம். கழுத்துப் பட்டையும் கடினப் பலகையும் எல்லோருக்கும் தேவையா, நெடுநேரம் பலகையில் வைப்பது தோலைப் புண்ணாக்காதா என்று இன்று மருத்துவர்களிடையே விவாதம் நடக்கிறது. அது நல்ல விவாதம். ஆனால் கையையும் காலையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, ஆட்டோவின் பின் இருக்கையில் மடித்துப் போடலாம் என்று எந்தத் தரப்பும் சொல்லவில்லை. தீயோ வெள்ளமோ நெருங்கினால், மூச்சு நின்றால், உயிரே முதலில். மற்ற நேரங்களில் 108ஐ அழைத்து, தலையை அசையாமல் பிடித்துக் காத்திருப்பது தண்டுவடத்துக்குச் செய்யும் பேருதவி.

அதற்குப் பின் வருவது வாழ்நாள் பணி. முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் விரைவிலேயே மாண்டார்கள். அவர்களைக் கொன்றவை படுக்கைப் புண்ணும் சிறுநீரகத் தொற்றும். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் லுட்விக் குட்மான், திருப்பிப் படுக்கவைத்தல், சிறுநீர்ப்பைப் பராமரிப்பு, உடற்பயிற்சி ஆகியவற்றை ஒழுங்காகச் செய்து அந்த விதியை மாற்றினார். இங்கும் இடமே வழிகாட்டுகிறது. சிறுநீர்ப்பையின் மையம் திருவெலும்பின் 2, 3, 4ஆம் கண்டங்களில் இருக்கிறது. காயம் அதற்கு மேலே என்றால் பை தானாகவே சுருங்கிச் சிறுநீரகத்தின் மேல் அழுத்தம் ஏற்றும். மையமே அழிந்தால் பை தளர்ந்து நிரம்பி வழியும். இரண்டுக்கும் பராமரிப்பு வேறு. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறை 1949இல் ஜேக்கப் சாண்டி தலைமையில் வேலூரில் தொடங்கியது. அதே வேலூரின் பாகாயத்தில், 1966இல், மேரி வர்கீஸின் முயற்சியால் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. வெளிநாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பி, தன் உடலில் அறிந்ததைப் பிறருக்கான துறையாக அவர் மாற்றினார். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தொழுநோயாளிகளின் கைகளில் உயிருள்ள தசைநாரை உயிரிழந்த விரலுக்கு மாற்றிப் பொருத்திய அதே அறுவை முறை, கழுத்தில் காயமுற்றவர்களின் கைகளுக்கும் இன்று பிடிப்பைத் தருகிறது. எந்தக் கண்டத்தின் தசை மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்தால்தான் அதை எடுத்து மற்றொன்றுக்குத் தர முடியும்.

எனவே நோயாளியின் குடும்பம் கேட்க வேண்டிய முதல் கேள்வி நடப்பாரா, மாட்டாரா என்பதாக இருக்க வேண்டியதில்லை. எந்த மட்டம், முழுக்காயமா பகுதிக்காயமா, எந்தத் தசைகள் மிஞ்சியிருக்கின்றன, சிறுநீர்ப்பையின் மையம் தப்பியதா என்று கேட்கட்டும். இந்தக் கேள்விகளுக்கு விடை உண்டு. அந்த விடைகளிலிருந்து பயிற்சித் திட்டம் பிறக்கும், சக்கர நாற்காலியின் வகை முடிவாகும், வேலைக்குத் திரும்பும் வழி தெரியும். அரக்கோணம் போன்ற ரயில் நகரங்களிலும் மரமேறிகளும் கட்டடத் தொழிலாளர்களும் நிறைந்த ஊர்களிலும், தண்டுவடம் அடிபட்டவரைத் தூக்கும் முறையை ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் கற்றுத்தருவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமல்ல. உயர்நிலைப் பள்ளி உயிரியல் பாடத்தில் தண்டுவடத்தின் குறுக்குவெட்டுப் படத்தை வரையச் சொல்லும் ஆசிரியர், அதே வகுப்பில் அடிபட்டவரை ஒரே கோட்டில் திருப்பும் பயிற்சியையும் செய்துகாட்டினால், அந்தப் படத்தின் பொருள் மாணவருக்கு விளங்கும். இயற்கை ஒவ்வொரு வேலைக்கும் தண்டுவடத்தில் ஓர் இடம் வகுத்திருக்கிறது. அந்த இடங்களை அறிந்து, ஒரு கண்டத்தையேனும் கூடுதலாகக் காப்பாற்றினால், ஒரு மனிதருக்குத் தன் கையால் உண்ணும் உரிமையைக் காப்பாற்றியவர்கள் ஆவோம்.